பம்பரில் சோலார் திரை: காப்புரிமை கிடைக்குமா?

கேள்வி இதுதான்: வாகனத்தின் பம்பருக்குள் ஒரு டிஸ்ப்ளே திரையைப் பதித்து, அதற்கு வேண்டிய மின்சாரத்தை அதே பம்பரில் இருக்கும் சோலார் செல்களிலிருந்து எடுத்தால், அந்த அமைப்புக்குக் காப்புரிமை வாங்க முடியுமா?

கண்டுபிடிப்பு என்பது இந்த ஒரு வாக்கியம் மட்டும்தான் என்றால், கிடைக்காது. தப்பித்தவறிக் கிடைத்தாலும் யாராவது எதிர்த்து வழக்குப் போட்டால் நிற்காது. ஆனால் இதை நிஜமாகவே செய்து பார்க்க இறங்கினால் பம்பர் வரிசையாகத் தொல்லை கொடுக்கும். அந்தத் தொல்லைகளில் ஒன்றுக்கு நீங்கள் ஒரு தீர்வு கண்டுபிடித்தால் அதற்குக் காப்புரிமை கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. யோசனைக்குக் கிடைக்காதது தீர்வுக்கு மட்டும் எப்படிக் கிடைக்கும் என்பதுதான் விஷயம்.

உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் என்ற அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தத்தில் 27ஆம் பிரிவு, உறுப்பு நாடுகளுக்குப் பொதுவாக மூன்று நிபந்தனைகளை வைக்கிறது. பொருள் புதிதாக இருக்க வேண்டும். அந்தத் துறை தெரிந்த ஒருவருக்குச் சட்டென்று தோன்றாததாக இருக்க வேண்டும். தொழிலில் பயன்பட வேண்டும். மூன்றாவதில் பேச ஒன்றுமில்லை. பம்பரும் திரையும் தொழிற்சாலையில் செய்யப்படுபவை, அந்தத் தேர்வில் தேறிவிடும்.

புதுமை என்பது கறாரான விதி, ஆனால் குறுகலானது. நீங்கள் கோரும் அம்சங்கள் அத்தனையும் ஒன்றாக, ஒரே ஆவணத்திலோ ஒரே பொருளிலோ ஏற்கெனவே வெளிவந்திருந்தால்தான் புதுமை போகும். அதனால் பலர் நாலு தேடல் போட்டுவிட்டு, “இதே மாதிரி எங்கும் இல்லை, அப்போ காப்புரிமை உறுதி” என்று சந்தோஷப்பட்டுவிடுகிறார்கள். சிக்கல் அடுத்த படியில்தான் இருக்கிறது. அங்கே காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பத்தை ஆராயும் பரிசோதகர் இரண்டு மூன்று ஆவணங்களைச் சேர்த்துப் பார்க்கலாம்: ஒன்றிலிருந்து திரை, இன்னொன்றிலிருந்து சோலார், மூன்றாவதிலிருந்து பம்பர்.

அவர் கையில் என்னென்ன இருக்கும்? வாகனத்தின் வெளிப்புறத்தில் திரை என்பது பழைய செய்தி. 2015இல் சாம்சங் அர்ஜென்டினாவில் ஒரு லாரியின் பின்புறம் பெரிய திரைகளை வைத்து, முன்னால் இருக்கும் சாலையைப் பின்னால் வருபவருக்குக் காட்டியது. 2016இல் ஸ்வீடனின் செம்கான் நிறுவனம், பாதசாரிக்காக நிற்கப்போகிறேன் என்பதைத் தானோட்டிக் கார் ஒரு புன்னகை மூலம் சொல்லும்படி, காரின் முன்முகத்தில் ஒரு திரை வைத்துக் காட்டியது. 2017இல் ஸ்மார்ட் நிறுவனத்தின் விஷன் ஈக்யூ மாதிரிக் காரில் கிரில் இருக்க வேண்டிய இடத்தில் செய்தி காட்டும் பலகை இருந்தது. 2022இல் பிஎம்டபிள்யூ, ஐஎக்ஸ் ஃப்ளோ என்ற மாதிரிக் காரின் உடம்பு முழுவதையும் இ-இங்க் படலத்தால் மூடிக் கருப்பு வெள்ளையாக நிறம் மாற்றியது. அடுத்த ஆண்டே அதை 32 நிறங்களுக்குக் கொண்டுபோனது.

சோலார் பக்கமும் இதே கதைதான். மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸில் கூரைச் சோலார் பேனலைக் கூடுதல் வசதியாகவே விற்றார்கள். நிறுத்திய காருக்குள் காற்றோட்டம் தர அது பயன்பட்டது. ஜெர்மனியின் சோனோ மோட்டார்ஸ் கூரையோடு நிற்காமல் கதவு, பக்கவாட்டுப் பலகைகளிலும் செல்களைப் பதிக்கும் காரை உருவாக்கிக்கொண்டிருந்தது. அந்தத் திட்டம் 2023இல் கைவிடப்பட்டது. கைவிடப்பட்டால் என்ன, வெளியிட்ட தகவல் வெளியிட்டதுதான். அது உங்களுக்கு எதிராக நிற்கும்.

என்னைக் கேட்டால், பரிசோதகர் கையில் இருக்கும் மிகக் கூர்மையான ஆயுதம் இந்தப் பளபளக்கும் கார்கள் எதுவுமே இல்லை. சாலைப் பணி நடக்கும் இடங்களில் நிற்கும், சக்கரம் வைத்த எச்சரிக்கைப் பலகைதான். எல்இடி எழுத்து, மேலே சோலார் பேனல், அடியில் பேட்டரி, எல்லாம் சேர்ந்து ஒரு டிரெய்லர் மேல். சக்கர வண்டி, திரை, சூரிய மின்சாரம் மூன்றும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. பம்பர் என்ற இடம் ஒன்றுதான் மிச்சம். “தெரிந்த பொருளை வண்டியில் வேறு இடத்துக்கு மாற்றியதில் என்ன கண்டுபிடிப்பு?” என்று அவர் கேட்டால் அதற்கு உங்களிடம் தொழில்நுட்பரீதியான பதில் இருக்க வேண்டும்.

இந்தக் கேள்வி நீதிமன்றங்களுக்குப் பழக்கப்பட்டது. அமெரிக்காவில் 1969இல் வந்த ஆண்டர்சன்ஸ் பிளாக் ராக் வழக்கு கிட்டத்தட்ட இதே உருவம். தார் போடும் இயந்திரத்தின் பக்கவாட்டில் கதிர்வீச்சு அடுப்பு ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். வசதியான ஏற்பாடுதான், ஆனால் அடுப்பு அடுப்பின் வேலையைச் செய்கிறது, இயந்திரம் இயந்திரத்தின் வேலையைச் செய்கிறது, சேர்ந்ததால் புதிதாக எதுவும் விளையவில்லை என்று உச்ச நீதிமன்றம் காப்புரிமையை ரத்து செய்தது. 2007இல் கேஎஸ்ஆர் எதிர் டெலிஃப்ளெக்ஸ் வழக்கு வந்தது. நகர்த்தி அமைக்கக்கூடிய ஆக்சிலரேட்டர் பெடல் தெரிந்த பொருள், மின்னணு சென்சாரும் தெரிந்த பொருள். ஒன்றை மற்றதில் மாட்டி, எதிர்பார்த்த பலனே கிடைத்தால் அது துறையறிந்தவருக்குத் தோன்றக்கூடியதே என்று தீர்ப்பாயிற்று. வாகன உதிரிப்பாகத்தோடு ஒரு மின்னணுப் பொருளைச் சேர்க்கும் எந்த விண்ணப்பமும் இன்று அமெரிக்காவில் இந்தத் தீர்ப்பைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் வழிகாட்டு நெறிகளில் இதற்கென்றே ஓர் உதாரணம் உண்டு: தெரிந்த இறைச்சி அரைக்கும் இயந்திரத்தையும் தெரிந்த நிரப்பும் இயந்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சாசேஜ் செய்யும் இயந்திரம் என்று பெயரிட்டால் அது கண்டுபிடிப்பு ஆகாது. இந்தியச் சட்டம் இதை இன்னும் நேராகவே எழுதி வைத்திருக்கிறது. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தில் 3(எஃப்) பிரிவு, தெரிந்த சாதனங்கள் ஒவ்வொன்றும் தெரிந்த விதத்தில் தனித்தனியே இயங்க, அவற்றை வெறுமனே அடுக்குவதோ மாற்றி அடுக்குவதோ கண்டுபிடிப்பே அல்ல என்கிறது. பட்டறையில் அனுபவமுள்ள ஒருவர் செய்துவிடக்கூடிய மேம்பாட்டைத் தாண்டி ஏதாவது இருக்க வேண்டும் என்று பிஸ்வநாத் பிரசாத் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1978லேயே சொல்லிவிட்டது.

சரி, தெரிந்த பொருள்களைச் சேர்த்தால் எப்போதுமே கிடைக்காதா? கிடைக்கும். அதற்கு அமெரிக்காவில் 1966இல் வந்த ஆடம்ஸ் வழக்கைப் பார்க்க வேண்டும். மெக்னீசியமும் குப்ரஸ் குளோரைடும் பேட்டரிக்கு உதவும் பொருள்கள் என்பது முன்பே தெரியும். ஆடம்ஸ் அவற்றைச் சேர்த்து, தண்ணீர் ஊற்றினால் உயிர்பெறும் பேட்டரி செய்தார். அதுவரை இருந்த அறிவு அந்த வழியில் போகாதே என்று எச்சரித்தது, நிபுணர்களும் நம்பவில்லை, பேட்டரியோ எதிர்பாராத அளவுக்குச் சீராக மின்னழுத்தம் தந்தது. காப்புரிமை நின்றது. பாகங்கள் பழையவையாக இருக்கலாம். அவை ஒன்றையொன்று பாதித்து, யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்கின்றனவா என்பதே அளவுகோல்.

இந்த அளவுகோலை பம்பருக்கு வைத்துப் பார்ப்போம். முதலில் பரிசோதகர் கேட்காவிட்டாலும் முதலீட்டாளர் கேட்கும் கேள்வி: சோலார் எதற்கு? வண்டியில் ஏற்கெனவே பேட்டரி இருக்கிறது. ஒரு வயர் இழுத்தால் முடிந்தது.

கணக்கைப் போடலாம். ஒன்றரை மீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் உயரம் என்றால் பம்பரின் பரப்பு 0.3 சதுர மீட்டர். உச்சி வெயில் சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட் ஒளி தரும். நல்ல செல் அதில் 20 சதவீதத்தை மின்சாரமாக்கும். அப்படியானால் 60 வாட். ஆனால் பாதி இடம் திரைக்குப் போய்விட்டது, ஆகவே 30. அதுவும் சூரியன் பம்பருக்கு நேர் எதிரே நின்றால். பம்பரோ செங்குத்தாக, தரைக்கு அருகில், அடுத்த வண்டியின் நிழலில், தூசிக்குள் இருக்கிறது. பகலில் பெரும்பாலான நேரம் 10 வாட்டைத் தொடுவதே பெரிய விஷயம் என்பது என் மதிப்பீடு. வெயிலில் படிக்கும்படி எரியும் எல்இடி திரை முழு வெளிச்சத்தில் சதுர மீட்டருக்குச் சில நூறு வாட் கேட்கும். கணக்கு உதைக்கிறது. இன்னும் மோசம், திரைக்குக் கொடுக்கும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் செல்லிடமிருந்து பிடுங்கியது.

மனம் தளர வேண்டாம், இந்த மோதல்தான் உங்களுக்கு வேண்டியது. எல்இடியை விட்டுவிட்டு மின்தாள் (இ-இங்க்) திரைக்குப் போனால் படம் மாறும்போது மட்டும்தான் மின்சாரம் செலவாகும், நிற்கும் படத்துக்குச் செலவே இல்லை. அப்போது 10 வாட் என்பது தாராளம். ஆனால் மின்தாளும் சோலாரும் ஜோடி சேர்ந்த தகவல் பலகைகள் ஏற்கெனவே உண்டு என்பதால் இந்த மாற்றம் மட்டும் போதாது. இரவில் அது தானாக ஒளிராது, குளிரில் மெதுவாகும். இழுத்துச் செல்லும் வண்டியிலிருந்து கழற்றிவிடப்பட்ட லாரி டிரெய்லர் தனியாக நிற்கும்போது அதற்கு மின்சாரமே இருக்காது. அந்த நிலையிலும் இரவில் பின்பம்பர் எச்சரிக்கை காட்ட வேண்டும் என்று பிரச்சினையை வரையறுத்தால் சோலாருக்கு ஒரு நியாயம் கிடைக்கிறது. கூடவே, நாள் முழுதும் சேர்த்த சொற்ப மின்சாரத்தை எந்தச் செய்திக்கு எப்போது செலவிடுவது என்ற உண்மையான பொறியியல் கேள்வியும் பிறக்கிறது.

சோலார் செல்லின் மின்னோட்டத்தையே ஒளி அளவியாக வைத்துத் திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாமே, இரண்டும் ஒன்றையொன்று பாதிக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். நல்ல யோசனை, ஆனால் தோட்டத்தில் குத்திவைக்கும் சோலார் விளக்கு இருட்டியதைத் தெரிந்துகொள்வது அப்படித்தான். பரிசோதகர் அதை எடுத்துக் காட்ட ஐந்து நிமிடம் போதும்.

பம்பருக்கே உரிய தொல்லைகளுக்கு வருவோம். இங்கேதான் நிலம் இன்னும் காலியாக இருக்க வாய்ப்பு.

முதலாவது வெப்பம். பம்பரின் வெளியுறை பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் வகைப் பிளாஸ்டிக். நிரப்பி எதுவும் சேர்க்காத நிலையில் ஒன்றரை மீட்டர் உறையின் வெப்பநிலை 60 டிகிரி கூடினால் அது சுமார் 9 மில்லிமீட்டர் நீளும். அதே நீளக் கண்ணாடி ஒரு மில்லிமீட்டர்கூட நீளாது. திரையையும் செல்லையும் உறையில் இறுக ஒட்டினால் நாளுக்கு ஒரு முறை இழுபட்டு, கொஞ்ச நாளில் பிளந்துவிடும். கூரையிலும் கதவிலும் பெரும்பாலும் உலோகத் தகடு இருப்பதால் இந்த அளவுக்கு வராத பிரச்சினை, பம்பரில் தலையாய பிரச்சினை. அதனால் கூரைக்கான பழைய ஆவணங்கள் இதற்கு விடை சொல்லும் வாய்ப்பு குறைவு.

இரண்டாவது ரேடார். இன்றைய கார்களில் வேகத்தைத் தானே சரிசெய்யவும், மறைவில் வரும் வண்டியைக் காட்டவும் 77 கிகாஹெர்ட்ஸ் ரேடார்கள் பம்பர் உறைக்குப் பின்னால் ஒளிந்திருக்கின்றன. பிளாஸ்டிக் வழியாக அந்த அலை போகும். சோலார் செல்லின் உலோகக் கோடுகளும் திரையின் கடத்திப் படலமும் வழியில் நின்றால் திணறும். ரேடாரை மறைக்காமல் திரையை எப்படித் தொடர்ச்சியாக ஓடவிடுவது? கடத்திகளை அந்த அலைவரிசைக்கு மட்டும் வழிவிடும் வடிவத்தில் வெட்டுவதா, செல்களை இடம்பார்த்து அடுக்குவதா? பதில் உங்களிடம் இருந்தால் அதுவே தனி விண்ணப்பத்துக்குப் போதும்.

மூன்றாவது, பம்பர் இருப்பதே இடிபடத்தான். உறைக்குப் பின்னால் நுரை, அதற்குப் பின்னால் உலோகச் சட்டம். மெதுவாக இடித்தால் உறை உள்ளே அமுங்கித் திரும்பி வர வேண்டும். அமெரிக்க விதிப்படி பயணிகள் கார்களின் பம்பர் மணிக்கு 2.5 மைல் வேக மோதலைத் தாங்க வேண்டும். பாதசாரியின் காலில் படும்போது எவ்வளவு மென்மையாக இருக்க வேண்டும் என்பதற்குத் தனி விதிகள். நடுவில் ஒரு விறைப்பான திரையை வைத்தால் இந்த இரண்டுமே கெடும். இடிபடும்போது திரை உடையாமல், காலைக் கிழிக்காமல், நுரையின் வேலையையும் கெடுக்காமல் ஒதுங்கும் அமைப்பு ஒன்றைக் காட்டினால், ‘திரை, பம்பர் இரண்டும் தனித்தனியே இயங்குகின்றன’ என்ற ஆட்சேபம் தானாகவே விழுந்துவிடும்.

சேறும் உண்டு. தொடராக இணைத்த செல்களில் ஒன்றைச் சேறு மூடினாலும் முழு வரிசையின் மின்னோட்டமும் விழும், மூடிய செல் சூடாகும். மூடிய செல்லைச் சுற்றி மின்னோட்டத்தைத் திருப்பிவிடும் பைபாஸ் டயோடு என்ற பழைய மருந்து இருப்பதால் இதில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. திரையில் என்ன காட்டப் போகிறீர்கள் என்பதில் கண்டுபிடிப்பைத் தேடாதீர்கள். இடத்துக்கு ஏற்ற விளம்பரம், பின்னால் வருபவருக்கு வாழ்த்து, விளம்பர வருமானத்தில் உரிமையாளருக்குப் பங்கு, இவை வணிக யோசனைகள். ஐரோப்பாவும் இந்தியாவும் தகவலைக் காட்டும் முறையையும் வணிக முறையையும் அந்த வடிவில் காப்புரிமைக்கு வெளியே வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் 2014இல் உச்ச நீதிமன்றம் தந்த ஆலிஸ் தீர்ப்பு அந்தக் கதவை நன்றாகவே சாத்திவிட்டது. பல விண்ணப்பங்களில் பாதிப் பக்கம் இதற்கே போவதைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

எதற்கு உரிமை கேட்கிறீர்கள் என்று விண்ணப்பத்தில் சொல்லும் உரிமைக்கோரலை எழுதும் விதத்தில் வித்தியாசம் எப்படித் தெரியும் என்பதற்கு இரண்டு மாதிரிகள். “ஒரு வாகன பம்பர், அதில் ஒரு திரை, அதற்கு மின்சாரம் தரும் ஒரு சோலார் பேனல்.” இது முதல் பரிசோதனையிலேயே போய்விடும். இன்னொன்று: “பிளாஸ்டிக் பம்பர் உறை, அதன் உட்புறம் நீளவாக்கில் ஒரு வழிகாட்டித் தடம், அதில் அமர்ந்த பல திரைத் துண்டுகள், ஒவ்வொன்றும் நடுவில் ஒரே புள்ளியில் உறையோடு பிணைக்கப்பட்டு, இரு ஓரங்களும் உறை நீண்டு சுருங்கும்போது வழுக்கும்படி விடப்பட்டவை, துண்டுகளுக்கு இடையே, ஓரங்களின் அடியில் செருகி நிற்கும் வளையக்கூடிய சோலார் பட்டைகள்.” இது குறுகலானது, ஆனால் ஒரு பிரச்சினைக்குப் பதில் சொல்கிறது. விண்ணப்பத்தில் கூடவே, இறுக ஒட்டிய மாதிரி இத்தனை சூடு-குளிர் சுற்றில் பிளந்தது, இது பிளக்கவில்லை என்ற சோதனை முடிவும் இருந்தால் பரிசோதகரோடு வாதாட உங்களிடம் ஏதோ இருக்கிறது. (இந்த இரண்டாவது மாதிரியை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். நான் இங்கே எழுதி வெளியிட்டுவிட்டதால் அது இனி யாருக்கும் புதிதல்ல.)

“பம்பரில் திரை வைக்கவே பல நாடுகளில் அனுமதி இல்லையே, அப்புறம் காப்புரிமை எப்படித் தருவார்கள்?” என்ற சந்தேகமும் வரும். முன்பக்கம் சிவப்பு ஒளியும், ரிவர்ஸ் விளக்கு போன்ற சில விலக்குகள் தவிரப் பின்பக்கம் வெள்ளை ஒளியும் கூடாது என்பது சர்வதேச வாகன விளக்கு விதிகளின் அடிப்படை. நகரும் படம் கவனத்தைச் சிதறடிக்கும் என்ற கவலையும் உண்டு. ஆனால் உள்நாட்டுச் சட்டம் ஒரு பொருளின் விற்பனையைக் கட்டுப்படுத்துகிறது என்பதற்காக மட்டும் காப்புரிமையை மறுக்கக் கூடாது என்று தொழில்துறைச் சொத்துரிமைக்கான பாரிஸ் உடன்படிக்கையே சொல்கிறது. காப்புரிமை அலுவலகமும் போக்குவரத்துத் துறையும் வேறு வேறு வாசல்கள். மறுபக்கமும் உண்மை: காப்புரிமை கையில் இருப்பதால் சாலையில் ஓட்ட அனுமதி வந்துவிடாது, அடுத்தவருடைய காப்புரிமையை மீறலாம் என்ற உரிமையும் வராது. மின்தாள் திரையையோ ரேடார் அலைக்கு வழிவிடும் படலத்தையோ வேறொருவர் காப்புரிமையின் கீழ் வைத்திருந்தால் அவரிடம் உரிமம் வாங்கியாக வேண்டும்.

வாயைத் திறக்கும் முன் விண்ணப்பியுங்கள். அமெரிக்காவில் நீங்களே வெளியிட்ட தகவலுக்கு ஓராண்டு மன்னிப்பு உண்டு. ஐரோப்பாவில் கிட்டத்தட்ட இல்லை. இந்தியாவில் சில குறிப்பிட்ட சூழல்களுக்கு மட்டும். கண்காட்சியில் மாதிரியைக் காட்டுவது, காணொளி போடுவது, ரகசிய ஒப்பந்தம் இல்லாமல் ஒரு நிறுவனத்துக்கு விளக்குவது எல்லாமே வெளியீடுதான். தற்காலிக விண்ணப்பம் ஒன்றைப் போட்டால் முழு விண்ணப்பத்துக்கு 12 மாத அவகாசம் கிடைக்கும். பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம் போடும் பிசிடி ஒப்பந்த வழியில் போனால் முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து பொதுவாக 30 மாதம் வரை, எந்தெந்த நாடுகள் என்று முடிவெடுக்கலாம். தற்காலிக விண்ணப்பத்தில் இல்லாத தீர்வுக்கு அந்தத் தேதி உதவாது. ஒரு பக்க யோசனையை மட்டும் எழுதிப் போட்டுவிட்டு, வெப்பப் பிரச்சினையின் விடையைப் பத்து மாதம் கழித்துச் சேர்த்தால் அந்த விடைக்குப் புதுத் தேதிதான்.

தேடலை நீங்களே தொடங்கலாம், பணம் வேண்டாம். எஸ்பேஸ்நெட், பேட்டன்ட்ஸ்கோப், கூகுள் பேட்டன்ட்ஸ் என்ற காப்புரிமைத் தேடல் தளங்கள் மூன்றும் இலவசம். வார்த்தை போட்டுத் தேடினால் பாதி தப்பிவிடும், வகைக் குறியீட்டில் தேடுங்கள்: வேறு சாதனங்களோடு சேர்ந்த பம்பர்களுக்கு பி60ஆர் 19/48, வாகனத்தில் வைக்கும் விளம்பரத்துக்கு ஜி09எஃப் 21/04, மற்ற ஓட்டுநர்களுக்குச் சைகை தரும் விளக்குகளுக்கு பி60க்யூ 1/50, சோலார் மின்னாக்கத்துக்கு எச்02எஸ். இவற்றில் முதல் குறியீட்டின் அதிகாரபூர்வ விளக்கத்தில், சாலையைக் கூட்டும் துடைப்பம் பொருத்திய பம்பரும், படுக்கையாக மாற்றக்கூடிய பம்பரும் உதாரணமாகவே வருகின்றன. பம்பரில் எதையாவது மாட்டிப் பார்க்கும் ஆசை மனிதருக்கு எவ்வளவு பழையது என்று அதிலேயே தெரியும். சீன ஆவணங்களை இயந்திர மொழிபெயர்ப்பில் பொறுமையாகப் படியுங்கள். இந்த வகை யோசனைகள் அங்கே பயன்பாட்டு மாதிரிகளாக (காப்புரிமைக்குத் தம்பி போன்ற சிறிய பதிவு) குவிந்திருக்கும். கடைசி 18 மாதங்களில் போடப்பட்டவை பெரும்பாலும் இன்னும் வெளிவந்திருக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

தேடியதில் நீங்கள் யோசித்த தீர்வு புதிதுதான், ஆனால் ஏற்கெனவே இருப்பவற்றுக்கு மிக அருகில் இருக்கிறது என்று தெரிந்தால், இரண்டு சிறிய வழிகள் மிச்சம். ஜெர்மனி, ஜப்பான், சீனா போன்ற நாடுகளில் 10 ஆண்டு ஆயுள் கொண்ட பயன்பாட்டு மாதிரியாகப் பதியலாம். முழுப் பரிசோதனை இல்லாமல் சீக்கிரம் கிடைக்கும், வழக்கில் சோதிக்கப்படும்போது பலவீனம் தெரியும். அமெரிக்காவிலும் இந்தியாவிலும் அந்த வசதி கிடையாது. அங்கே பம்பரும் திரையும் சேர்ந்த தோற்றத்தை மட்டும் வடிவமைப்பாகப் பதியலாம். இது உள்ளே இருக்கும் வேலைப்பாட்டைக் காக்காது, ஆனால் அதே முகத்தோடு போலி வந்தால் தடுக்கும்.